சித்தியோட செக்கும் லண்டன் புகை உருண்டையும்

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோட் வரலை. ஊருக்குப் போயிருந்தேன். கோம்பை. தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். கோம்பைன்னு தேடினா எங்க ஊர் நாய் இனம்தான் முதல்ல வரும், அதுக்கப்புறம்தான் ஊரு வரும். பக்கத்து ஊர் பண்ணைப்புரம்னு சொன்னா "ஓ, இளையராஜா ஊரா"ன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் அறிமுகம் தேவைப்படாது.

இன்னைக்கு எபிசோட் விளம்பர வரலாறு பத்தி. ஆனா வரலாற்றுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தப்பை ஒத்துக்கணும். நான் பண்ணின தப்பு.

எங்க சித்தி கோம்பையில ஒரு மரச்செக்கு வெச்சிருக்காங்க. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய். ரெண்டு வருஷம் முன்னாடி, "நீ கம்ப்யூட்டர் படிச்சவந்தானப்பா, வாட்ஸப்புல போடுற மாதிரி நாலு வரி எழுதிக் குடு"ன்னு கேட்டாங்க. நான் பெங்களூருல உக்காந்துகிட்டு இருபது நிமிஷத்துல எழுதிட்டேன். எழுதினேன்னு சொல்றதே தப்பு. பத்து இடத்துல இருந்து எடுத்து ஒட்டினேன். கெட்ட கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் கட்டுக்குள்ள வைக்கும், முன்னோர்கள் ரகசியம், இப்படி. பின்னாடி ஒரு பச்சை இலைப் படம்.

சித்தி படிச்சிட்டு, "இம்புட்டையும் நம்ம எண்ணெய் செய்யுமாப்பா?"ன்னு கேட்டாங்க. "எல்லாரும் இப்படித்தான் சித்தி போடுறாங்க"ன்னேன்.

ஆர்டர் வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. நாலு மாசம் கழிச்சு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சித்திக்கு போன் பண்ணினார். அவர் வீட்டம்மாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. நாங்க போட்டதைப் படிச்சிட்டு அவங்க மாத்திரையை நிறுத்தியிருக்காங்க. மூணாவது வாரம் ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு. நல்லவேளை, சில நாள்ல வீட்டுக்கு வந்துட்டாங்க. அவர் திட்டக்கூட இல்லை. "எண்ணெய் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நீங்க எழுதினதை அவ நம்பிட்டா"ன்னு சொல்லியிருக்கார்.

சித்தி அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க. என்கிட்ட சத்தம் போடலை. ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "நீ எழுதுனதுல நான் சொன்னது ஒரு வரிகூட இல்லையேப்பா."

அந்த வரி என்னைத் தூங்க விடலை. அதனாலதான் இந்த எபிசோட். சின்னக் கடைக்காரங்க தங்களைப் பத்தி எழுதினதை ஜனங்க எப்ப நம்பினாங்க, எதை வெச்சு நம்பினாங்க, அந்த நம்பிக்கையை யாரெல்லாம் தின்னாங்க? ஒரு 130 வருஷத்துக் கதை.

லண்டன், 1891: பேங்க்ல போட்ட ஆயிரம் பவுண்டு

சட்டம் படிச்சவங்களுக்கு இந்தக் கேஸ் தெரிஞ்சிருக்கும். கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி. நம்ம ஊர் சட்டக் கல்லூரியிலயும் ஒப்பந்தச் சட்டம்னாலே முதல் சில வகுப்புலயே வந்துடும்.

அப்ப இங்கிலாந்துல இன்ஃப்ளுயன்சா அலை அலையா வந்துட்டிருந்தது. ஒரு கம்பெனி, கார்பாலிக் அமிலப் பொடி அடைச்ச ஒரு ரப்பர் உருண்டை வித்தது. மூக்குல வெச்சு அமுக்கி இழுக்கணும். 1891 நவம்பர்ல பத்திரிகையில விளம்பரம் கொடுத்தாங்க. சொன்னபடி தினம் மூணு வேளை, ரெண்டு வாரம் இதைப் பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தா 100 பவுண்டு பரிசு. அதோட, நாங்க சொல்றது உண்மைங்கிறதுக்கு அடையாளமா அலையன்ஸ் பேங்க்ல 1000 பவுண்டு போட்டிருக்கோம்னு எழுதினாங்க.

திருமதி கார்லில் வாங்கினாங்க, சொன்னபடியே பயன்படுத்தினாங்க. 1892 ஜனவரியில இன்ஃப்ளுயன்சா வந்துடுச்சு. 100 பவுண்டு கேட்டாங்க. கம்பெனி சொன்ன பதில்தான் முக்கியம். அது சும்மா விளம்பர ஜம்பம், அதையெல்லாம் யாராவது நிஜம்னு எடுத்துக்குவாங்களான்னு வாதாடினாங்க. 1892 டிசம்பர்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. சும்மா ஜம்பம்னா எதுக்கய்யா பேங்க்ல 1000 பவுண்டு போட்டேன்னு சொன்னே? காசு கொடுன்னு தீர்ப்பு.

இதைப் படிக்கிறப்ப எனக்கு என் பச்சை இலைப் படம்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கம்பெனிக்கு பேங்க் பணம், எனக்கு இலைப் படமும் 'முன்னோர்கள்'ங்கிற வார்த்தையும். ரெண்டுமே நம்ப வைக்கறதுக்கான ஜோடனை. பொருள் வேலை செய்யுதாங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மாட்டிக்கிட்டப்புறம் "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க"ன்னு நான் சொன்னதும், "சும்மா ஜம்பம்"னு அவங்க சொன்னதும் ஒரே பதில்தான்.

பம்பாய், 1893: நெத்தியில தடவிப் பாரு

அந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. 1893. பம்பாய்ல ஒரு தெலுங்கு இளைஞர் தலைவலித் தைலம் ஒண்ணைத் தயாரிக்க ஆரம்பிக்கிறார். கிருஷ்ணா மாவட்டத்துல பிறந்த காசிநாதுனி நாகேஸ்வரராவ். தைலத்தோட பேர் அமிர்தாஞ்சன். ஆமா, நம்ம பாட்டி வீட்டு அலமாரியில மஞ்சளா இருக்குமே, அதேதான்.

புதுப் பேரு, புதுத் தைலம். யார் வாங்குவா? அவர் சங்கீதக் கச்சேரி நடக்கிற இடங்கள்ல இலவசமா கொடுத்தார். அமிர்தாஞ்சன் கதையைச் சொல்ற எல்லாரும் இதைச் சொல்லுவாங்க, ஆனா "இலவசம்"ங்கிற வார்த்தையிலயே நின்னுடுவாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம் வேற.

தலைவலித் தைலம்ங்கிறது அஞ்சு நிமிஷத்துல தன் உண்மையைச் சொல்லிடற பொருள். மணிக்கணக்கா கச்சேரி கேட்ட மனுஷன் நெத்தியில தடவிக்கிறான். சுகமா இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்லை. நடுவுல பேங்க்கும் வேணாம், சாட்சியும் வேணாம். சொல்றதை வாங்கறவனே, தன் உடம்புலயே, அங்கயே சரிபார்த்துக்கலாம். எங்க வேலையில டெஸ்ட் எழுதறதுன்னு ஒண்ணு உண்டு. கோடு எழுதினவன் "சரியா இருக்கு"ன்னு சொன்னா போதாது, வேற ஆள் ஓட்டிப் பாக்கற மாதிரி இருக்கணும். அமிர்தாஞ்சன் டெஸ்ட்டை வாடிக்கையாளர் கையில கொடுத்துடுச்சு.

அந்தத் தைலத்துல வந்த பணத்துலதான் அவர் 1908ல பம்பாய்லயே 'ஆந்திர பத்ரிகா'ன்னு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சார். 1914ல அது சென்னைக்கு வந்து நாளிதழாச்சு. தெலுங்கு மக்களோட அரசியலையும் மொழியையும் பேசின பத்திரிகை. தனி ஆந்திரக் கோரிக்கையில முக்கியமான 1937 ஸ்ரீபாக் ஒப்பந்தம் மயிலாப்பூர்ல அவர் வீட்டுல கையெழுத்தானது. 'ஸ்ரீபாக்'ங்கிறது அந்த வீட்டோட பேர்தான். லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவுல வாக்கிங் போறவங்க யார் பேர்ல நடக்கறோம்னு இப்ப தெரிஞ்சுக்கலாம்.

அமிர்தாஞ்சன் விளம்பரமே பண்ணலைன்னு நான் சொல்லலை. பண்ணினாங்க. ஆனா முதல் நம்பிக்கை அச்சுல வரலை, நெத்தியில வந்துச்சு.

தபால்ல வந்த நம்பிக்கை

சரி, கச்சேரிக்கு வர்றவனுக்கு நெத்தியில தடவலாம். கோம்பை மாதிரி ஊர்ல இருக்கிறவனுக்கு என்ன பண்றது?

இங்கதான் தபால் துறை வருது. 1877லயே இந்தியத் தபால்ல வி.பி.பி. வந்துடுச்சு. நம்ம தாத்தா காலத்து ஆட்களுக்கு இந்த மூணு எழுத்து நல்லாத் தெரியும். பத்திரிகையில விளம்பரம் பாத்து ஒரு கார்டு எழுதிப் போட்டா பார்சல் வரும், தபால்காரர்கிட்ட காசைக் கொடுத்து வாங்கிக்கணும். இன்னைக்கு நாம சொல்ற கேஷ் ஆன் டெலிவரி, அப்பவே இருந்தது.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினா இந்த விளம்பரங்கள் குவிஞ்சு கிடக்கும். கடிகாரம், தைலம், லேகியம், நாவல், தாயத்து. ஆனா ஒரு ஓட்டை இருந்தது. காசு கொடுத்த அப்புறம்தான் பார்சலைப் பிரிக்க முடியும். அதாவது பட்டிக்காட்டுல இருக்கிற ஒருத்தன் கையில ஆதாரம்னு இருந்ததெல்லாம் அந்த நாலு அச்சு வரி மட்டும்தான். அந்த நாலு வரி பொய்யா இருந்தா, ஏமாந்தது அவனுக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும்.

இந்தத் தபால் வழி வியாபாரத்துலயும் விளம்பரத் தொழில்லயும் இருந்த ஒரு இளைஞர்தான் திருத்துறைப்பூண்டியில பிறந்த எஸ்.எஸ். வாசன். அப்பாவைச் சின்ன வயசுலயே இழந்து, அம்மாவோட சென்னைக்கு வந்தவர். ஆனந்த விகடன்னு ஒரு பத்திரிகைக்கு விளம்பரம் பிடிச்சுக் கொடுத்திட்டிருந்தார். பூதூர் வைத்தியநாதய்யர் 1926ல ஆரம்பிச்ச பத்திரிகை. அது தள்ளாடினப்ப 1928ல வாசனே அதை வாங்கிட்டார். 200 ரூபாய். தலைப்புல எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய்னு வேடிக்கையா சொல்வாங்க.

பல பேர் இதை ஒரு தொழிலதிபரோட சாமர்த்தியக் கதையா சொல்வாங்க. நான் இதை வேற மாதிரி படிக்கிறேன். விளம்பரத்துலயே வாழ்ந்த ஒரு மனுஷனுக்கு, விளம்பரம் எங்க உயிரோட இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கும். இன்னும் சத்தமா ஒரு விளம்பரம் எழுதறதைவிட, ஜனங்க காத்திருந்து வாங்கற ஒரு பக்கத்தை வெச்சிருக்கிறது பெருசு. வாசகர் சிரிப்புக்கும் கதைக்கும் வர்றார், கல்கிக்காக வர்றார். அந்த வருகை நம்பிக்கையாகுது. விளம்பரம் அந்த நம்பிக்கையோட நிழல்ல உக்காந்துக்குது.

வாசன் ஒண்ணும் அடக்கமா விளம்பரம் பண்ணின ஆள் இல்லை, அதையும் சொல்லிடறேன். 1948ல 'சந்திரலேகா' படத்துக்கு அவர் பண்ணின விளம்பரம் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. ஆனா அந்தச் சத்தத்துக்குப் பின்னால பணத்தைக் கொட்டி எடுத்த படம் இருந்தது. டிக்கெட் வாங்கினவன் அந்த முரசு நடனத்தைக் கண்ணால பாத்தான்.

உலகத்துல வேற இடங்கள்லயும் இதே புத்தி வேலை செஞ்சிருக்கு. அமெரிக்காவுல கலப்பை விக்கிற ஜான் டியர் கம்பெனி 1895லயே விவசாயிகளுக்காக 'தி ஃபரோ'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சது. ஃபரோன்னா உழவு சால். பிரான்ஸ்ல டயர் விக்கிற மிஷெலின் 1900ல கார் ஓட்டறவங்களுக்கு ஒரு கையேட்டை இலவசமா கொடுத்தது. டயர் மாத்தறது எப்படி, மெக்கானிக் எங்க இருப்பார், ராத்திரி எங்க தங்கலாம். நம்ம சரக்கை வாங்காதவனுக்கும் பயன்படற மாதிரி எழுதறது, இதுதான் ரெண்டுலயும் பொது.

1954: நாடே சட்டம் போட வேண்டி வந்தது

இப்ப கதையோட இருட்டுப் பக்கம். வி.பி.பி. விளம்பரங்கள்ல பலதும் எதைத் தீக்கறேன்னு சொல்லுச்சுன்னு நினைக்கிறீங்க? தீராத நோய், ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை. வெளிய சொல்ல வெக்கப்படற விஷயங்கள். ஏமாந்தவன் புகார் கொடுக்க வரமாட்டான்னு விளம்பரக்காரனுக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்து ஏழாவது வருஷம், 1954ல, நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம். பட்டியல்ல இருக்கிற நோய்களைத் தீக்கறதா மருந்து விளம்பரம் பண்ணக் கூடாது. தாயத்து, மந்திரம், கவசம்னு சொல்லியும் பண்ணக் கூடாது. முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் வரைக்கும் சிறை, மறுபடி மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும்.

இதை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா உச்ச நீதிமன்றம் போச்சு. விளம்பரமும் பேச்சுரிமைதானேங்கிறது வாதம். 1959ல நீதிமன்றம், சரக்கு விக்கிறதுக்கான இந்த மாதிரி விளம்பரம் கருத்துப் பரப்புற பேச்சு இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா சட்டத்துல சில பகுதிகள் வரம்பு மீறிப் போகுதுன்னு அதையும் வெட்டிச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு, 1995ல டாட்டா பிரஸ் வழக்குல, வியாபாரப் பேச்சும் பேச்சுரிமைக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. ஆனா பொய்யான, ஏமாத்தற விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நான் அந்த 1954 சட்டத்தோட பட்டியலை எடுத்து ஒவ்வொரு நோயா படிச்சேன். நீரிழிவு இருக்கு. சமையல் எண்ணெய்தானேன்னு நான் நினைச்சிருந்தேன். நோய் தீக்கும்னு எழுதின நிமிஷம், நான் எண்ணெய்க் கடையை விட்டு மருந்துக் கடைக்குள்ள காலை வெச்சிருக்கேன். உணவுப் பொருள் விளம்பரத்துக்குன்னு 2018ல வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் இதே மாதிரி நோய் தீக்கும்ங்கிற பேச்சைத் தடுக்குது. எனக்கு எதுவும் தெரியாது. இருபது நிமிஷத்துல எழுதிட்டேன்.

திரும்ப செக்குக்கு

போன வருஷம் தைப் பொங்கலுக்குப் போனப்ப சித்திகிட்ட சொன்னேன், "இந்தத் தடவை நான் எழுதலை. நீங்க பேசுங்க, நான் போன்ல பதியறேன்." ரெண்டு மணி நேரம் செக்கு பக்கத்துலயே உக்காந்தேன். அவங்க சொன்னதுல சிலது:

மழை மாசத்துல கொப்பரை சரியாக் காயாது. ஈரம் இருந்தா எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிடும். கெடாம இருக்க சில இடத்துல கந்தகப் புகை போடுவாங்க, நான் அதை வாங்கறதில்லை. அதனால சில வாரம் தேங்காய் எண்ணெய் இருக்காது.

நல்லெண்ணெய் ஆட்டறப்ப கருப்பட்டி போடுவோம். போடலைன்னு சொல்றவங்க சொல்லட்டும், நான் போடறேன்.

ஆட்டின உடனே எண்ணெய் கலங்கலாத்தான் இருக்கும். ரெண்டு மூணு நாள் வெயில்ல வெச்சுத் தெளிய விடறோம். அப்படியும் அடியில கொஞ்சம் கசடு இருக்கும். மார்கழியில விடியக்காலம் தேங்காய் எண்ணெய் உறைஞ்சிருக்கும். பயப்பட வேணாம், வெயில்ல வெச்சா இளகிடும்.

அப்புறம் விலைக் கணக்கு. நூறு கிலோ கொப்பரை போட்டா அறுபது கிலோவுக்கு முன்ன பின்னதான் எண்ணெய். அப்ப ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரை கிலோவுக்கு மேல கொப்பரை வேணும். பிண்ணாக்கு வித்த காசு கொஞ்சம் வரும், ஆட்டுக்கூலியும் கரண்டும் கொஞ்சம் போகும். "இன்னைக்குக் கொப்பரை விலையை யாரு வேணும்னாலும் பேப்பர்ல பாக்கலாம். அந்தக் கணக்குக்கும் கம்மியா ஒருத்தன் செக்கு எண்ணெய்னு குடுத்தா, அவன்கிட்ட கேள்வி கேளுங்கன்னு போடுப்பா."

இதைக் கேட்டப்ப எனக்கு நாகேஸ்வரராவ் ஞாபகம்தான். சித்தி சொன்ன ஒவ்வொரு வரியையும் வாங்கறவங்க வீட்டுலயே சரிபார்க்கலாம். கசடு இருக்கா பாரு. மார்கழியில உறையுதா பாரு. கொப்பரை விலையைப் பாரு. நான் எழுதின 'கெட்ட கொழுப்பைக் கரைக்கும்'ங்கிறதை அந்த வாத்தியாரம்மா எப்படிச் சரிபார்க்க முடியும்? முடியாது. மாத்திரையை நிறுத்தித்தான் பாக்க முடியும். பாத்தாங்க.

அதனால இப்ப எங்க செக்குக்கு ஒரே விதி. வாங்கறவங்க தாங்களே சரிபார்க்க முடியாத எதையும் எழுதறதில்லை. ஆட்டின தேதி, கொப்பரை எந்தத் தோப்புல வந்தது, இந்த வாரம் என்ன இல்லை, ஏன் இல்லை, இவ்வளவுதான். சித்தி வாய்ஸ் நோட் அனுப்புவாங்க, நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்துவேன். 'இம்புட்டு'ங்கிறதை 'இவ்வளவு'ன்னு மாத்தக் கூடாதுன்னு கண்டிஷன்.

வியாபாரம் என்னாச்சுன்னு கேப்பீங்க. மறைக்காம சொல்றேன். முதல் ரெண்டு மாசம் ஆர்டர் பாதியாச்சு. நோய் தீரும்னு வந்தவங்க போயிட்டாங்க, போகட்டும். அப்புறம் மெதுவா ஏறுச்சு. பழைய அளவை இன்னும் தொடலை. ஆனா இப்ப வர்றவங்க கேக்கறது வேற மாதிரி கேள்வி. "எப்ப ஆட்டினீங்க?", "அடுத்த ஆட்டு எப்ப?"ன்னு கேக்கறாங்க. போன மழையில மூணு வாரம் தேங்காய் எண்ணெய் இல்லைன்னு போட்டப்ப, ஒருத்தரும் கோபப்படலை. காத்திருந்தாங்க.

அந்த வாத்தியார் ஒரு வருஷம் எங்ககிட்ட எதுவும் வாங்கலை. வாங்கச் சொல்லி நாங்களும் கேக்கலை. இந்தத் தடவை நான் ஊர்ல இருந்தப்ப போன் வந்துச்சு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் கேட்டார். சித்தி பேக் பண்றப்ப, "அம்மா மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களாண்ணே?"ன்னு கேட்டாங்க. போடுறாங்களாம்.

சொந்தமா சின்னத் தொழில் பண்ற நண்பர்கள் நிறைய பேர் இதைக் கேக்கறீங்கன்னு தெரியும். உங்க கடைக்கு நீங்க எழுதினதை ஒருதரம் எடுத்துப் படிங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல, வாங்கறவர் இதை எப்படிச் சரிபார்ப்பார்னு எழுதுங்க. பதில் இல்லாத வரியை அழிச்சிட்டு, மிச்சம் என்ன இருக்குன்னு எனக்கு அனுப்புங்க. எனக்கு மிஞ்சினது 'கோம்பை'ங்கிற ஊர் பேரும் போன் நம்பரும் மட்டும்தான்.

அடுத்த வாரம் பாக்கலாம் மக்களே.